பெரிய இழுப்பு

நெய்வேலி பதினெட்டாம் வட்டத்தில், தனகோட்டியின் குவார்ட்டர்ஸில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ட்ரம்பெட் கேட்க உட்காருகிறவர்கள் நாற்காலியை விட்டு எழும்புவது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. எழுந்து நிற்பதைச் சொல்லவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே, மடித்த கால் மடித்தபடி மேலே போவது. முதலில் போனவர் மைன்ஸில் ஃபோர்மேனாக இருந்த சிங்காரவேல். கையில் டீ தம்ளரோடு பிரம்பு நாற்காலிக்கு ஒரு முழம் மேலே போய் நின்றார், அங்கேயே டீயைக் குடித்து முடித்தார், பாட்டு அடங்கியதும் இறங்கினார். இறங்கியதும் அவர் சொன்னது, "டீல சக்கர கம்மிங்க" என்பதுதான். அடுத்த வாரம் நான்கு பேர் எழும்பினார்கள். அதற்கும் அடுத்த வாரம் தனகோட்டியின் மனைவி பெரியநாயகி கூடத்து சீலிங் ஃபேனைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வைத்தார். அதோடு வட்டத்தில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. கடலூர்க்காரர்கள் மட்டும் இன்னமும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், கடலூரில் எழும்புவதற்கு என்ன இருக்கிறது?

தனகோட்டி அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரிகல் பிரிவில் இருந்தவர். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரம் ஒன்றைப் பூட்டுவதற்கு ஜெர்மனியிலிருந்து வந்த இன்ஜினீயர், ஒரு ரெக்கார்டு பிளேயரும் பெட்டி நிறைய அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளும் கொண்டு வந்திருந்தார். ஏதோ வயரிங் வேலைக்காக அவர் அறைக்குப் போன தனகோட்டி வேலையை மறந்து நின்றுவிட்டார். நாகஸ்வரமும் இல்லாமல் பேண்டு செட்டும் இல்லாமல், ஒரு மனிதர் பித்தளைக் குழாய்க்குள் உட்கார்ந்து பேசுவது போல் இருந்ததாம். இன்ஜினீயர் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் தனகோட்டி லீவு போட்டு, தன் டேப் ரிக்கார்டரை ஸ்பீக்கருக்கு எதிரே முக்காலியில் வைத்து, மதிய வேளைகளில் எல்லாவற்றையும் கேசட்டில் பிடித்தார். சித்திரை வெயில், ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கேசட்டின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுகளை அந்த வருஷ மழையில் கரையான் தின்றுவிட்டது. அதனால் ஊதியவர்கள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாதவர்களுக்கு நம் ஊரே பெயர் வைத்தது.

ஒருவர் எக்ஸ்பிரஸ். உதட்டை இறுக்கி, காற்றை ஊசித்துளை வழியாக விடுவதைப் போல் விட்டு, ட்ரம்பெட் போகக்கூடிய கடைசி உச்சத்துக்குப் போய் அங்கே ஓடியாடுவார். அவரைப் போட்டால் ஆட்கள் விருட்டென்று போய் மேல்தளத்தில் தலை இடித்துக்கொள்வார்கள். அதற்காகவே சிலர் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்னொருவர் மூடிக்காரர். குழாயின் வாயில் ஒரு தகர மூடியைச் செருகி, ரகசியம் சொல்வதைப் போல் ஊதுவார். அவரிடம் எழும்புவது தெரியவே தெரியாது, செருப்பு கழன்று கீழே விழும் சத்தம் கேட்ட பிறகுதான் நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். உறுமல்காரர் தொண்டையில் உறுமிக்கொண்டே ஊதி, வாஷ்பேசின் அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணத்தால் குழாய் வாயைத் திறந்து திறந்து மூடுவார். அவருக்கு எழும்புகிறவர்கள் காற்றில் ஆடுவார்கள். வால்வைப் பாதி மட்டும் அழுத்தி சுரத்தை வழுக்க விடுகிறவர் ஒருவர் உண்டு. அவர் ஊதினால் கூட்டம் மொத்தமும் வழுக்கிக்கொண்டு போய் வடக்குச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு உயரம் என்பதை வைத்துப் புதியவர்கள் ஊதுகிறவரை எடை போடுவார்கள். தனகோட்டிக்கு அது பிடிக்காது. தூக்குவதை யாரும் தூக்கிவிடலாம், எப்படி இறக்கி விடுகிறார் என்று பாருங்கள், அங்கேதான் ஆள் தெரியும் என்பார். பலாப்பழம் தின்றுவிட்டு வருகிறவர்கள் தாமதமாக எழும்புவார்கள் என்பதும் காடாம்புலியூரிலிருந்து வந்த விருந்தாளிகள் மூலம் தெரியவந்தது.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவர் இருந்தார், நைட் ஷிப்டு. ராத்திரி வேலை முடித்துவிட்டு விடிகாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆளைப் போல் ஊதுவார். அவசரமே கிடையாது. தாளம் வந்து நின்று காத்திருக்கும், அவர் கொஞ்சம் பொறுத்துத்தான் வருவார். நாலு சுரம் போதுமென்றால் ஐந்தாவது அவர் வாயில் வராது. அந்தப் பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸும் பெரிய பேஸும் மட்டும் ஓடும். அதன் மேல் ஒரே ஒரு சுரம் அடியிலிருந்து கிளம்பும். ஏறும், ஏறிய இடத்தில் நிற்கும், கிட்டத்தட்ட ஒரு நிமிடம் மூச்சே வாங்காமல் நிற்கும், பிறகு மெல்ல வழுக்கி அடங்கும். நம் ஊரில் அதற்குப் பெயர் பெரிய இழுப்பு. முதல் தடவை கேள்விப்பட்ட ஒருவர் யாருக்கோ மூச்சிரைப்பு என்று நினைத்து மருந்துக்கு ஓடினார். பெரிய இழுப்பில் கூடம் முழுவதும் ஒன்றாக எழும்பி, ஒரே உயரத்தில் நின்று, நாற்காலி முனகாதபடி வந்து உட்காரும். மனித நெஞ்சில் இவ்வளவு காற்று எப்படி என்று முப்பது வருஷம் பேசினார்கள். பேசும்போது ஒவ்வொருவர் முகத்திலும் தன் சொந்தத் தம்பி ஊதியதைப் போல ஒரு பெருமை இருந்தது.

ஜெயசெல்வி இந்தக் கூட்டத்துக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயது இருக்கும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதியவர். தேர்ப்பவனி, கல்யாணம், சாவு என்று மூன்றுக்கும் அதே கருவிதான். முன்பல் விழுந்தால் ட்ரம்பெட் ஊத முடியாது. அப்பாவுக்குப் பல் விழுந்த வருஷம் கருவி மகள் கைக்கு வந்தது. சுரங்கத்துக்கு அடியில் ஊறுகிற தண்ணீரை இரவு பகலாக இறைத்துக் கொட்டும் பம்புகளைப் பார்த்துக்கொள்வது மகளின் வேலை, காண்ட்ராக்டில். அடக்கம் என்பது ஜெயசெல்வியிடம் மருந்துக்கும் கிடையாது. முதல் நாளே பெரிய இழுப்பில் எல்லோருக்கும் மேலே போய், மேல்தளத்தில் முதுகு தட்ட, அங்கிருந்தபடியே, "இத நான் ஊதுவன்" என்றார். கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததால் அவர்கள் கொஞ்சம் இறங்கிவிட்டார்கள், அவர் இறங்கவில்லை.

எக்ஸ்பிரஸ் ஊதியதை அவர் ஒரு வருஷத்தில் பிடித்தார். மூடிக்காரரை எவர்சில்வர் டம்ளரைச் செருகிப் பிடித்தார். உறுமல்காரருக்காகக் கடைவீதியில் புது ரப்பர் கிண்ணம் வாங்கினார். ஒரு இழை பிசகாது, கண்ணை மூடிக்கொண்டால் கேசட்டா ஜெயசெல்வியா என்று தெரியாது. ஆனால் அவர் ஊதினால் கேட்பவர்களுக்குக் குதிகால் மட்டும்தான் எழும்பும், கட்டைவிரல் தரையை விடாது. வேறு ஊராக இருந்தால் குதிகாலுக்கே மாலை போட்டிருப்பார்கள். நெய்வேலியில் அது போதாது, அது அவருக்கும் தெரியும். என் மூச்சில் ஒரு ஆளாவது முழுசாக எழும்ப வேண்டும், பெரிய இழுப்பில்தான் அது நடக்கும் என்று முடிவு செய்துகொண்டார்.

மூச்சு விடாமல் ஊதுவதன் சூட்சுமத்தை அவருக்குக் காட்டியது பம்பு. ஒரு பம்பை ரிப்பேருக்கு நிறுத்தினால் பக்கத்து பம்பு பிடித்துக்கொள்ளும், குழாயில் தண்ணீர் அறாது. நெஞ்சு ஒரு பம்பு, கன்னம் இன்னொன்று. நெஞ்சில் காற்று தீரும் முன் கன்னத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதை உதட்டால் வெளியே தள்ளுகிற அதே நொடியில் மூக்கால் புதுக் காற்றை இழுத்துவிட வேண்டும். சொல்ல எளிது. ஜெயசெல்வி பப்பாளி இலையின் காம்பை வெட்டி, ஒரு முனையைச் சொம்புத் தண்ணீரில் விட்டு, குமிழி அறாமல் ஊதிப் பழகினார். சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, ஜெபமாலை சொல்லும் நேரம் தவிர மற்ற எல்லா நேரமும் குமிழி. அவர் கணவர் ஜான் ஷிப்டு பஸ் டிரைவர். வீட்டில் தவளை வளர்க்கிறீர்களா என்று பக்கத்து குவார்ட்டர்ஸில் கேட்டதற்கு, "ஆமாங்க, ஒரே ஒரு தவளதான்" என்று சொன்னவர். குமிழி நிற்காமல் வர மூன்று வருஷம் ஆனது. அதை ட்ரம்பெட்டுக்கு மாற்றவும், மூச்சு மாறும் இடத்தில் சுரம் நடுங்காமல் இருக்கவும், பாதி வால்வில் அதை ஏற்றி இறக்கவும் மற்ற வருஷங்கள் போயின.

இதற்கிடையில் தனகோட்டி ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்திரா நகரில் வீடு கட்டினார். ரிட்டயர் ஆனவர்கள் மாடி கட்டுவார்கள். அவர் மாடி கட்டாமல் அந்தப் பணத்தில் கூடத்தின் கூரையை இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கிப் போட்டார். மேஸ்திரி காரணம் கேட்டதற்கு, ஆட்கள் எழும்புவார்கள் என்றார். மேஸ்திரியும் பதினெட்டாம் வட்டத்தில் வளர்ந்தவர், சரி என்று செங்கல் கணக்கை மாற்றிக்கொண்டார். ஷிப்டுக்கு ஊதுகிற சங்கும் அந்தக் காலத்தில் நின்றுபோனது. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு சங்கு எதற்கு? சத்தம் நின்றதை முதல் வாரம் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் காதில் விழுவதில்லை, நிற்கும்போதும் அப்படித்தான்.

போன தை மாதம், மாட்டுப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு பெரிய இழுப்பை ஊதப் போவதாக ஜெயசெல்வி அறிவித்தார். அறிவித்தார் என்றால் பங்குக் கோயில் வாசலில், பம்பு ஹவுஸில், காய்கறிக் கடையில், ஜானின் பஸ்ஸில். குறிஞ்சிப்பாடியிலிருந்து சொந்தக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம், பெங்களூரில் வேலை பார்க்கும் தனகோட்டியின் மகன் அறிவுச்செல்வன் லீவில் வந்தான். நைட் ஷிப்டின் பாட்டைப் போனுக்கு முனகிக் காட்டியே கண்டுபிடித்துவிட்டேன், அமெரிக்காவில் பதிவானபடியே இரைச்சல் இல்லாமல் கிடைத்திருக்கிறது என்று சின்ன ஸ்பீக்கரில் போட்டான். அப்பாவுக்குப் பொங்கல் பரிசு. அந்த மனிதரின் உண்மையான பெயரையும் சொன்னான். ஆனால் நம் ஊரில் அவர் இன்றும் நைட் ஷிப்டுதான்.

பாட்டு வழக்கம் போல் போனது. கூடம் வழக்கம் போல் ஒரு முழம் எழும்பி, பெரிய இழுப்புக்குக் காத்திருந்தது. டிரம்ஸ் ஓடியது, பேஸ் ஓடியது. அவ்வளவுதான். சுரம் வரவில்லை. காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தொப்பென்று விழுந்தார்கள். சிங்காரவேலுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. திரும்பப் போட்டுக் கேட்டார்கள், தரையில் உட்கார்ந்தே. அந்த ஒரு நிமிடம் முழுவதும் நைட் ஷிப்டு வாயில் கருவியை வைக்கவே இல்லை. சும்மா நிற்கிறார். பழைய கேசட்டை எடுத்துப் போட்டால் சுரம் இருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்படியிலிருந்து பெரியநாயகி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார்.

"அது ரெண்டு மணி சங்கு. அத வச்சிதான நான் இவருக்கு சோறே போடுவன்."

"ஏம்மா, இத்தினி வருஷமா ஏன் சொல்லல?" என்றான் அறிவுச்செல்வன்.

"யாரு கேட்டீங்க? தெரிஞ்சிதான் மேல போய்க்கினு இருக்கீங்கன்னு நெனச்சன்."

சித்திரை வெயிலில் திறந்திருந்த ஜன்னல் வழியாக வந்து கேசட்டில் ஏறிக்கொண்ட சங்கு அது. மனித மூச்சு என்று நம் ஊர் கொண்டாடியது மனித மூச்சே இல்லை. ராத்திரிக்குள் செய்தி வட்டம் வட்டமாகப் போய்ச் சேர்ந்தது. கூடவே ஒரு கேலியும் சேர்ந்துகொண்டது. ஜெயசெல்விக்கு சங்கு ஊதியாச்சு என்றார்கள். பம்பு ஹவுஸில் சொன்னார்கள், கோயில் வாசலில் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்கள். அத்தனை வருஷப் பெருமைக்கு இப்படி ஒரு முடிவு வந்ததில் சிலருக்கு உள்ளூரச் சந்தோஷம், அதையும் மறைப்பதற்கில்லை.

ஜெயசெல்வி ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான்கு நாள் வீட்டில் குமிழி சத்தம் இல்லை. குழந்தைத்தனமான தவறுக்காகத் தன் நல்ல வயதையெல்லாம் காற்றாக ஊதிவிட்டோம் என்று அவர் அழுததை ஜான் மட்டும்தான் பார்த்தார். ஐந்தாம் நாள் காலையில் சமாதானம் சொல்லப் போய், தெரியாமல் வாயைக் கொடுத்தார்.

"வுடு ஜெயா. அது மெஷினு. அத மனுஷன் எவனும் ஊதுனதே இல்ல."

"எவனும் ஊதலயா?"

"எவனும் ஊதல. ஊதவும் முடியாது."

"அப்ப நான் பொழக்கடையில நின்னு ஊதிக்கினு இருந்தது இன்னாங்க?"

ஜெயசெல்வி ஜானின் போனைப் பிடுங்கி, அறிவுச்செல்வன் அனுப்பிய பாட்டைப் போட்டு, அந்த வெறும் ஒரு நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். மதியம் வரை கேட்டார். பிறகு பெட்டியின் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"அந்த ஆளு சும்மா இல்லீங்க. பஸ்ஸுல துண்டு போட்ட மாதிரி எடம் புடிச்சி வச்சிக்கினு நிக்கிறாரு. வேற யாரும் வரல, நம்ம சங்கு போயி குந்திக்கிச்சி. இப்ப அது எழுந்து போயிடுச்சி. நான் குந்தறன்."

சாயங்காலமாக அறிவிப்பைத் திருத்தினார். நேரம், சரியாக இரண்டு மணி. சங்கு ஊதியாச்சா என்று கேட்டவர்களிடம், "இல்ல, ஞாயித்துக்கெழம ஊதறன், வந்து கேளுங்க" என்றார்.

அந்த ஞாயிறு இந்திரா நகர் வீட்டில் நிற்க இடமில்லை. பெரியநாயகி முன் எச்சரிக்கையாகத் தரை முழுவதும் மெத்தையும் பாயும் விரித்திருந்தார். சிங்காரவேல் இடுப்பில் பெல்ட்டோடு வந்திருந்தார். ஜானுக்கு டூட்டி, முதல் ஷிப்டு முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு மைன்ஸிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார். அறிவுச்செல்வன் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டான். நைட் ஷிப்டு தன் வழக்கப்படி தாமதமாக வந்தார், நாலு சுரம் ஊதினார், ஐந்தாவதை விட்டார், கூடம் ஒரு முழம் எழும்பியது. பிறகு அவர் நிறுத்தினார். டிரம்ஸும் பேஸும் மட்டும். மேலே இருந்தவர்கள் எல்லாரும் கீழே விரித்திருந்த மெத்தையைப் பார்த்தார்கள். ஜெயசெல்வி உதட்டை நனைத்துக்கொண்டு, துண்டு போட்டிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

சுரம் அடியிலிருந்து கிளம்பியது. பாதி வால்வில், நடுக்கமில்லாமல், ஏறும் இடமே தெரியாமல் ஏறியது. ஏறிய இடத்தில் நின்றது. கன்னம் ஒரு தடவை தாழ்ந்தது, மூக்கு ஒரு தடவை விரிந்தது, சுரத்தில் அது தெரியவில்லை. கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் இன்னும் மேலே எழும்பினார்கள், கட்டைவிரல், குதிகால், நாற்காலி உட்பட. தனகோட்டி தூக்கிப் போட்ட கூரை அன்றைக்குத்தான் முழுதாகப் பயன்பட்டது. பெரியநாயகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அடுப்படி வாசலிலிருந்து கரண்டியோடு மேலே வந்தார். வெளியே இந்திரா நகர்த் தெருக்களில், வருஷக்கணக்காகக் கேட்காத சங்கைக் கேட்டு, ரிட்டயர் ஆன ஃபிட்டர்களும் வெல்டர்களும் தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பாட்டு கேரியரைத் தேடினார்கள். தேடிக்கொண்டே எழும்பி, மாடிச் சுவர்களுக்கு மேலே ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். சத்தம் வளையமாதேவி வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அங்கே யாரும் எழும்பவில்லை, வரப்பில் நின்று கேட்டார்கள். சுரங்கத்துக்கு நிலம் போனவர்கள் காதில் அந்தச் சங்கு வேறு மாதிரி விழும், அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக நின்ற சுரம், வழுக்கி, அடங்கி, கூடத்தை நாற்காலியில் உட்காரவைத்தது. மெத்தை தேவைப்படவில்லை. ஸ்பீக்கரில் நைட் ஷிப்டு மறுபடி வந்து, எதுவும் நடக்காததைப் போல, விட்ட ஐந்தாவது சுரத்தை ஊதினார். அவர் அத்தனை நேரம் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று எல்லாருக்கும் பட்டது. தனகோட்டி வாய்விட்டு அழுதார். "நம்ம ஊர்ப் பொண்ணு, நம்ம ஊர்ப் பொண்ணு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எப்படி இறக்கினார் என்று பார்த்தீர்களா என்று கேட்க வேண்டிய ஆள் அவர்தான், அவருக்கே அது மறந்துபோனது. ஜானின் பஸ் அன்று தாமதமாக வந்தது. பஸ் கொஞ்ச நேரம் ரோட்டில் இல்லை என்று அவர் காரணம் சொன்னார், டிப்போவில் ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து, "பஸ்ஸே எழும்பிடுச்சி ஜெயா, ஐம்பது பேரோட" என்றார். "எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டார் ஜெயசெல்வி. ஜான் கையால் காட்டினார். "இன்னும் கொஞ்சம் போயிருக்கணுமே" என்றார் அவர்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு மணிக்கு அவர் ஊதுகிறார். அந்த நேரத்துக்குக் கொடியில் துணி காயப்போடுகிறவர்கள் உயரமான கொடியாகப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். அறிவுச்செல்வன் முதல் நாள் ஊதியதைப் போனில் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பினான். சுரம் ஏறிக்கொண்டிருக்கும்போது பெரியநாயகியின் அடுப்பில் இருந்த குக்கர் மூன்று விசில் அடித்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. குறிஞ்சிப்பாடி பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதும் மாடசாமி போன வாரம் வந்தார். உங்கள் பதிவைக் கேட்டுக் கேட்டு இழுப்பு கொஞ்சம் பிடிபட்டுவிட்டது, ஆனால் ஊதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் மேலே மூன்று தடவை கீச்சென்று ஒன்று வைக்கிறீர்களே, அது மட்டும் உதட்டில் நிற்க மாட்டேன் என்கிறது, ஆறு மாதமாக முயல்கிறேன் என்றார். மறுபடி லீவில் வந்திருந்த அறிவுச்செல்வன் வாயைத் திறந்தான். ஜெயசெல்வி அவன் காலை மிதித்தார்.

"சொல்லாத. அவரு ஊதட்டும்."

குறிஞ்சிப்பாடியில் முதல் விசில் வந்துவிட்டது, கேட்கிறவர்கள் ஒரு சாண் எழும்புகிறார்கள் என்று தகவல்.